கோரிமேடு ஜிப்மர்: கடலூரிலிருந்து செல்வோருக்காக ஒரு மதிப்பீடு

கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. கடலூர் நகரத்தாருக்கு அதைவிட அருகில், முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியின் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது. இன்றும் தொடர் சிகிச்சைக்காகச் சென்று வருகிறோம்.

சிகிச்சையின் தரத்தில் எனக்கு முழு நிறைவு. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்நிறுவனம், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் பெற்று, மத்திய அரசின் நிதியில் இயங்குகிறது. ஆகவே தமிழ்நாட்டு நோயாளி என்பதற்காக எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலான சிகிச்சை இலவசம். மருத்துவர்கள் நோயின் நிலையை அம்மாவிடமே நேராக, பொறுமையாக விளக்கினார்கள். அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சிக்கல் வீடு திரும்பிய பிறகே தொடங்குகிறது. உலோக வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும், ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையைக் குறித்த இடைவெளிகளில் செய்து, அதற்கேற்ப மாத்திரையின் அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். இதை எங்கள் ஊரிலேயே பார்த்து அளவு சொல்ல ஒருவர் இருந்தால் முதியவர்களுக்குப் பேருந்துப் பயணம் மிச்சமாகும். ஆனால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஊழியருக்கு, கோரிமேட்டில் எந்த மருந்து மாற்றப்பட்டது என்பது நாங்கள் சீட்டைக் காட்டினால்தான் தெரிகிறது. முதலில் ஜிப்மருக்கு அனுப்பும்போதும் இதே நிலைதான். எங்கள் மாவட்டத்து மருத்துவமனை ஒன்று பரிந்துரைக் கடிதத்தை மட்டும் தந்து, பரிசோதனை முடிவுகளை இணைக்காமல் விட்டதால், அதே பரிசோதனைகளை அம்மா மறுபடியும் செய்துகொள்ள நேர்ந்தது.

கூட்ட நெரிசலுக்கு ஜிப்மரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உள்ளூரிலேயே தீரக்கூடிய நோய்களுக்கும் சுற்று மாவட்டத்தார் எல்லை தாண்டி வரும்போது, அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் நாள் தள்ளிப்போகிறது. அருகில் ஜிப்மர் இருக்கிறதே என்ற எண்ணத்தில் சொந்த மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களைக் கேட்டுப் பெறும் முனைப்பும் குறைகிறது என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாடு அரசும் ஜிப்மரை நடத்தும் மத்திய அரசும் நோயாளியின் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையை ஏற்படுத்தினாலே இந்தச் சுமையில் ஒரு பகுதி இறங்கும்.

இதயம், புற்றுநோய் போன்ற கடும் நோய்களுக்குத் தயங்காமல் செல்லுங்கள். பழைய எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தப் பரிசோதனை முடிவுகள், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள், வருமானச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்; புறநோயாளிப் பதிவு காலையிலேயே நடப்பதால் அதிகாலைப் பேருந்தைப் பிடியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்து, ஒரு படியை உங்கள் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள்.