டயரைத் தட்டத் தெரிந்தவன் படகைத் தட்டாமல் வாங்கிய கதை

லாரி டயரை இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார் எங்கப்பா. சேலத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் பிள்ளை நான் 3,80,000 ரூபாய் கொடுத்து, ஒரு தட்டுகூடத் தட்டாமல் படகு வாங்கினேன்.

ஆலப்புழையில் மச்சானுக்குக் காயல் ஓரமாக ஹோம்ஸ்டே இருக்கிறது. அதற்காகத்தான் தேடினோம். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு ஷெட்டில் 16 அடி பைபர் ஸ்பீட் போட், 40 ஹெச்.பி. எஞ்சினோடு நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முகம் பார்க்கலாம் போல வெள்ளைப் பளபளப்பு. புது சீட், ஸ்டீரியோ வேறு. விற்றவர் டிரம்மில் தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

"தண்ணியில விட்டுப் பாக்கலாமாண்ணா?"

"மேட்டூர்ல விடணும்னா பர்மிஷன் வாங்கணும் தம்பி. எஞ்சின் சத்தம் கேட்டீங்கல்ல?"

கேட்டேன். தலையாட்டினேன்.

2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எஞ்சின் வைத்த படகுக்கு சர்வே, பதிவு எல்லாம் வேண்டும். ஆலப்புழையில் சர்வே பார்க்க வந்தவர் பளபளப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குப் போய், சின்ன பிளாஸ்டிக் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். மேலே டக், டக். போல்ட்டுகளைச் சுற்றி தொப், தொப். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலை அழுத்தினார்; பின்பலகையே அசைந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினதும் காப்பித் தண்ணீர் மாதிரி ஒழுகியது, கூடவே மரத்தூள். உள்ளே இருந்தது தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட் இல்லை, சாதாரண பிளைவுட். போல்ட் துளைகளில் தண்ணீர் இறங்காமல் இருக்க ரெசின், சீலன்ட் எதுவும் பூசவில்லை.

தரைப்பலகையைத் தூக்கினால் அதைவிட மோசம். அடிச்சட்டங்களைப் படகின் உடம்போடு பிணைக்க வேண்டிய பைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசின் குடிக்காமல் வெள்ளையாகக் கிடந்தது, கையால் உரித்தால் வந்தது. கயிறு கட்டும் கொக்கிகளுக்குப் பின்னால் தகடே கிடையாது, வெறும் வாஷர். அடிப்பகுதிக் கொப்புளங்களைப் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆதாரம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. லாரியில் ஏற்றும்போது எடை மேடையில் போட்ட சீட்டு. எஞ்சின் இல்லாமல் 400 கிலோ என்று விற்றவர் சொன்ன படகு, எஞ்சினுக்கு நூறு கழித்தாலும் 600-ஐத் தாண்டியது. படகு மிதக்கத் தரைக்கடியில் வைத்த ஃபோம் முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. லாரிக்கு வாடகை கணக்குப் பார்த்த நான் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

பின்பலகை மாற்ற மட்டும் 1,10,000 கேட்கிறார்கள். விற்றவருக்கு போன் போட்டால், "நேர்ல பாத்துத்தானே எடுத்தீங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. அப்பா, "ஸ்டெப்னியைக்கூட தட்டிட்டுத்தான்டா வண்டியை எடுப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அதே ஷெட்டில் நீலக்கோடு போட்ட இன்னொரு படகு நிற்கிறது. ரோடு வரைக்கும் பெயின்ட் வாசனை.