குறைந்த விலை ஹைபிரிட் கார்கள்: கொழும்பு வீதிகளில் எது உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது?

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 35.4 கிலோமீற்றர். 2011 டிசெம்பரில் டொயோட்டா அக்வா ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட எரிபொருள் சிக்கனம் இது. 2013 செப்டெம்பரில் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் இந்தக் கணக்கை 36.4 ஆக உயர்த்தியது. 2016 நவம்பரில் நிசான் நோட் இ-பவரின் மிக இலேசான வகைக்கு 37.2 என்று சொல்லப்பட்டது. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் இவை ஜேசி08 என்ற ஜப்பானியச் சோதனை முறையில், ஆய்வுகூடத்து உருளைகளின் மேல், ஏசியை நிறுத்திவைத்து, மெதுவாக முடுக்கிப் பெறப்பட்டவை. காலை எட்டு மணிக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற ஒருவருக்கு, நல்ல நிலையிலுள்ள ஓர் அக்வா லீற்றருக்கு 18 முதல் 22 கிலோமீற்றர் வரை கொடுத்தால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே கொள்ள வேண்டும். விற்றவர் 30 என்று சொல்லியிருக்க, வாங்கியவர் 19 ஐக் கண்டு கராஜுக்கு ஓடுகிறார். கொழும்பில் நான் கேட்ட குறைகளில் பாதி இப்படித் தொடங்கியவைதான்.

மற்றப் பாதிக்குக் காரணம் வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து வகை இயந்திரங்களை நம் சந்தை ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் விற்கிறது. மோட்டரே காரை இழுத்துச் செல்லும் வகையும் உண்டு. எஞ்சினுக்குச் சிறிது கைகொடுப்பதோடு நின்றுவிடும் வகையும் உண்டு. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எனவே "ஹைபிரிட் நல்லதா?" என்று கேட்பவருக்கு நேர்மையான பதில் எதுவும் கிடையாது. எந்த இயந்திரம், எத்தனை ஆண்டுப் பழையது, எந்த வீதியில் ஓடப் போகிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

வயதைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில், 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது, ஹைபிரிட் வைத்திருந்தவர் அதே 20 லீற்றரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடியதை அயலவர் எல்லோரும் பார்த்தார்கள். புதிய கார்கள் வராத காலத்தில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் ஹைபிரிட்டுகள் பெரும்பாலும் அந்தக் கார்களே. அவற்றில் பலவற்றின் பற்றரி பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது. விலை மட்டும் அந்த வயதைக் காட்டுவதில்லை.

டொயோட்டாவின் அக்வாவும், 2013 இல் வந்த அக்ஸியோ ஹைபிரிட்டும் உள்ளே ஒரே குடும்பம்: 1.5 லீற்றர் எஞ்சின், இரண்டு மோட்டர்கள், இவற்றை இணைக்கும் கோள்வகைப் பற்சக்கரத் தொகுதி. கிளச்சும் பெல்ட்டும் இல்லாத இந்த அமைப்பில் தேய்ந்து போவதற்கு அதிகம் எதுவும் இல்லை. நெரிசலில் ஊர்ந்தாலும் சூடேறித் தத்தளிப்பதில்லை. ஏசியின் கொம்பிரஸர் மின்சாரத்தில் இயங்குவதால், பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது எஞ்சின் அணைந்திருந்தாலும் காருக்குள் குளிர் குறையாது. கொழும்பு வெயிலில் இது மிகப் பெரிய வசதி. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிறது என்பதால், நின்று நின்று போகிற நகரத்து ஓட்டமே இந்தக் காருக்கு உகந்த ஓட்டம்.

இதன் பலவீனம் பின் ஆசனத்தின் கீழே இருக்கிறது. அக்வாவின் 144 வோல்ட் நிக்கல் பற்றரி 20 தொகுதிகளால் ஆனது. அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் முழுப் பற்றரியின் சமநிலையும் கெடும். அதைக் குளிரவைக்கும் விசிறி வெளிக்காற்றை இழுப்பதில்லை, பயணிகள் இருக்கும் அறையின் காற்றையே இழுக்கிறது. அந்தக் காற்று நுழையும் சிறிய வலை பின் ஆசனத்தின் ஓரத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு ஓடிய ஒரு காரில் அந்த வலையைக் கழற்றி விசிறியைப் பார்த்தால், அதன் இதழ்களில் தூசும் தலைமுடியும் துணிநாரும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு படையாகப் படிந்திருப்பதைக் காணலாம். ஒரு மெல்லிய தூரிகையால் துடைத்து எடுக்கக் கூடிய அழுக்கு அது. அதை யாரும் துடைக்காமல் விட்டதால் வெப்பத்தில் செத்த பற்றரிகள் இந்த நகரத்தில் ஏராளம். வலையை மறைத்துப் பொதிகளை அடுக்குவதும், நாள் முழுவதும் திறந்த வெயிலில் நிறுத்திவைத்த காரை ஏசி போடாமல் ஓட்டுவதும் அதே விளைவைத் தருபவை.

பற்றரி தளரத் தொடங்கியதும் பலரும் நாடுவது "செல் மாற்றும்" வேலையை, அதாவது தளர்ந்த தொகுதிகளை மட்டும் மாற்றுவதை. எங்கள் மாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பற்றரி புதிது என்ற வாய்ப்பேச்சை நம்பி, ஒரு விற்பனை நிலையத்தில் லீசிங் போட்டு ஒரு ஹைபிரிட் எடுத்தார். ஓராண்டு முடிவதற்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் மூடியைக் கழற்றியபோது நானும் அருகில் நின்றேன். தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பெரும்பாலானவை பச்சை பூத்துக் கிடந்தன. மூன்று நான்கு இடங்களில் மட்டும் பளபளவென்று தேய்த்த தகடுகள், அவற்றின் கீழே வேறு திகதி பொறித்த தொகுதிகள். "இது ஒட்டுப்போட்ட சட்டை, சேர். ஒரு பக்கம் தைக்க மற்றப் பக்கம் கிழியும்" என்றார் வேலை செய்தவர். அவர் சொன்னது சரி. பலம் குன்றிய பழைய தொகுதிகளின் நடுவே புதிதாக நாலைச் செருகினால் அடுத்த பலவீனமானது முன்னுக்கு வரும். இந்த வேலை சில மாதங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான். முழுப் பற்றரியையும் மாற்றப் பல இலட்சம் ரூபா வேண்டும் என்பதை வாங்கும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஹொண்டாவைப் பற்றி எழுதும்போது மனம் கொஞ்சம் வருந்துகிறது, ஏனென்றால் ஓட்டுவதற்கு மிக இனிமையான கார் 2013 இல் வந்த அந்த ஃபிட் ஹைபிரிட்; அதன் மாதிரிக் குறியீடு ஜிபி5. 2010 இல் வந்த முந்தைய ஜிபி1 இல் மோட்டர் எஞ்சினுக்குத் துணை மட்டுமே. அதில் பெரிய சாகசமும் இல்லை, பெரிய சிக்கனமும் இல்லை. ஜிபி5 இல் ஹொண்டா துணிந்து, ஏழு கியர்களும் இரண்டு உலர் கிளச்சுகளும் கொண்ட கியர்பொக்ஸுக்குள் மோட்டரை வைத்தது. திறந்த வீதியில் அது அருமையாகப் பாயும். ஆனால் உலர் கிளச்சு வழுக்கி வழுக்கி நகரும்போது சூடேறும். கிருலப்பனையில் ஹைலெவல் வீதி நெரிசலில் அடி அடியாக ஊர்வதும், நிறைந்த காரோடு கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏறுவதும் அதற்குக் கடுமையான சோதனைகள். கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்துங்கள் என்று திரை எச்சரிக்கும். அதே அமைப்பைக் கொண்ட வெசலிலும் கிரேஸிலும் இந்தக் குறை அப்படியே உண்டு.

இது எங்கள் வீதிகளின் குற்றம் மட்டும் அல்ல. ஜப்பானிலேயே இந்த ஃபிட், வந்து ஓராண்டை அண்டிய காலத்துக்குள் ஐந்து தடவை குறை திருத்துவதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டது; அவற்றில் சில கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைப் பற்றியவை. இதற்குப் பொறுப்பேற்று 2014 ஒக்டோபரில் அப்போதைய தலைவர் தகானோபு இதோ உட்பட நிறுவனத்தின் மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 2020 இல் வந்த அடுத்த ஃபிட்டில் இந்த இரட்டைக் கிளச்சைக் கைவிட்டு, இரண்டு மோட்டர் அமைப்புக்கு ஹொண்டா மாறியது. அந்தப் புதிய அமைப்பு முற்றிலும் வேறானது, நகரத்துக்கு ஏற்றது. ஜிபி5 இன் கெட்ட பெயரை அதன்மேல் சுமத்தக் கூடாது. திருத்திய மென்பொருள் ஏற்றப்பட்ட, கிளச்சு மாற்றிய பற்றுச்சீட்டு உள்ள ஜிபி5 ஒன்று, பெரும்பாலும் அதிவேக நெடுஞ்சாலையில் ஓடுபவருக்குப் பொருந்தலாம். தினமும் காலி வீதியில் ஊர்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுசுகி வேகன் ஆர் நல்ல கார். உயரமான கதவு, முதியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், ஒழுங்கைக்குள் திருப்பலாம், 660 சிசி எஞ்சின் குறைவாகவே குடிக்கும். ஏமாற்றம் வருவது அதன்மேல் ஒட்டிய பெயரால். 2014 இல் எஸ்-எனெ சார்ஜ் என்று வந்து, 2017 பெப்ரவரி மாதிரியிலிருந்து ஹைபிரிட் என்று பெயர் சூட்டிக்கொண்ட இந்த அமைப்பில், அந்த 2017 மாதிரியிலும்கூட, மோட்டரின் வலு 2.3 கிலோவாட் மட்டுமே. மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில், அதுவும் பத்து விநாடி வரைதான், அது தனியாகக் காரை நகர்த்தும். கொம்பிரஸரைச் சுழற்றுவது எஞ்சின் என்பதால், மருதானையில் நிற்கும்போது எஞ்சின் அணைந்தால் சிறிது நேரத்தில் காற்று மந்தமாகி, எஞ்சின் திரும்ப உயிர்பெறும். அக்வாவைப் போல் ஓடும் என்று எண்ணி வாங்கியவர்கள் இங்கேதான் முகம் சுளிக்கிறார்கள். சிக்கனமான சிறிய பெற்றோல் கார் என்று எண்ணி வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். பற்றரி சிறியது என்பதால் பழுதுச் செலவும் அக்வாவோடு ஒப்பிடக் குறைவு.

நோட் இ-பவரில் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, 1.2 லீற்றர் எஞ்சின் மின்சாரம் உண்டாக்க, மோட்டர் ஓட்டுகிறது. நகரத்தில் ஓசையற்ற, சுறுசுறுப்பான ஓட்டம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் மணிக்கணக்கில் போகும்போது, பெற்றோலை மின்சாரமாக்கி மறுபடி ஓட்டமாக்கும் இழப்பு தெரியும். அடிக்கடி மாத்தறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற குடும்பம் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பணத்தைப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவர், லீற்றருக்கு 11 கிலோமீற்றர் தரும் பெற்றோல் காருக்குப் பதில் 19 தரும் ஹைபிரிட்டை எடுத்தால் மாதம் ஏறத்தாழ 38 லீற்றர் மிஞ்சும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 11,400 ரூபா. ஓர் ஆண்டில் இது நல்ல தொகை; நாலைந்து ஆண்டுகளில் பற்றரிச் செலவைத் தாங்கும். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வருவதோடு மாதம் 400 கிலோமீற்றரில் நிற்பவருக்கு மிஞ்சுவது 4,600 ரூபா அளவே. அவர் ஹைபிரிட்டுக்காக மேலதிக இலட்சங்கள் கொடுப்பதில் பயன் இல்லை. நல்ல பெற்றோல் விட்ஸோ அக்ஸியோவோ அவருக்குப் போதும்.

2025 க்குப் பின் வரும் யாரிஸ் குரொஸ், புதிய வெசல் ஆகியவை பொறியியலில் சிறந்தவை. ஆனால் எஞ்சின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படும் உற்பத்தி வரியும், அதன்மேல் வரும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்தபின் அவற்றைக் குறைந்த விலைக் கார்கள் என்று எந்த மனச்சாட்சியோடும் எழுத முடியாது.

எனவே பாவித்த கார்தான் வாங்குவதென்றால், என் தெரிவு பற்றரிச் சான்றோடு வரும் அக்வா அல்லது அக்ஸியோ. காலையில் குளிர்ந்த எஞ்சினோடு பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நண்பகலில், நாலு பேரை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரையிலுள்ள பற்றரிக் கோடுகள் சில நிமிடங்களில் நிரம்பி, சில நிமிடங்களில் வற்றினால், அல்லது பின் ஆசனத்தடியில் விசிறி இரைந்துகொண்டே இருந்தால் பற்றரி தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனர் செருகி, காரை முடுக்கும்போது தொகுதிகளின் மின்னழுத்தங்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்று பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி மாற்றப்பட்டது என்றால், முழுவதுமா, சில தொகுதிகளா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுத்தில் கேளுங்கள். கடைசியாகப் பின் ஆசனத்தைத் தூக்கி, பற்றரிப் பெட்டியைப் பிணைக்கும் ஆணிகளையும் கம்பளத்தின் அடிப்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். 2016 மே மாதம் கொலன்னாவையிலும் களனியிலும் வெள்ளம் ஏறியது போல, இந்த நகரத்தில் தண்ணீருக்குள் நின்ற கார்கள் பல. ஆணியில் துருவும் கம்பளத்தடியில் காய்ந்த சேறும் தெரிந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் காரை எடுக்காதீர்கள்.