மயிலாப்பூரா, திருவல்லிக்கேணியா?

கையில் அரை நாள்தான் இருக்கிறது, பழமையைக் கல்லிலேயே பார்க்க வேண்டும் என்றால் திருவல்லிக்கேணிக்கே போங்கள். பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையோடு நிற்கிறார். உற்சவர் முகத்தில் பாரதப் போரில் பட்ட அம்புத் தழும்புகள். உற்றுப் பார்த்தால் தெரியும். பாரதி கடைசியாகக் குடியிருந்த வீடு கோயிலுக்கு அருகிலேயே. 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலுக்கும் நடந்தே போய்விடலாம்.

மயிலாப்பூர் பாடல் பெற்ற தலம்தான். ஆனால் கடலோரத்தில் இருந்த பழைய கபாலீச்சரம் (கபாலீசுவரர் கோயில்) போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது. இப்போதுள்ளது பிற்காலக் கட்டடம். இங்கே அழகு குளக்கரையிலும் மாட வீதிகளிலும்தான். பங்குனி அறுபத்துமூவர் அன்று வண்டி நுழையாது. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடங்கள்.

இரு கோயில்களிலும் நண்பகல்வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். காலை 10 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.