ஒரே இடத்தில் ஊசி போட்டதன் விளைவு: இன்சுலினோடு ஆறு ஆண்டுகள்

சர்க்கரை நோய்க்குப் பத்து ஆண்டுகள் மாத்திரையிலேயே ஓட்டினேன். சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 10.2 என்று வந்த அன்று, இனி இன்சுலின்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். நான் ஒழுங்காக இல்லாததால்தான் ஊசி வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது தவறு. இரண்டாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பது ஆண்டுகள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மாத்திரையைத் தவறாமல் போட்டவர்களிலும் பலருக்கு ஒரு கட்டத்தில் அது போதாமல் போகும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

இரவில் 10 யூனிட், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. அப்படித்தான் தொடங்கியது. முதல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குத்தியபின் பார்த்தால், விரலில் குத்தி ரத்தம் எடுப்பதுதான் இதைவிட வலிக்கிறது. இன்சுலின் செலுத்தும் பேனாவில் மாட்டும் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம்தான், அதுவும் மிக மெல்லியது. ஒரே வாரத்தில் ஊசிப் பயம் போய்விட்டது. ஆனால் பயம் போனதும் கவனமும் போய்விட்டது. அதன் பலனை இரண்டு ஆண்டுகள் அனுபவித்தேன்.

தொப்புளுக்கு இடப்பக்கம் ஓர் இடம் கைக்கு வாகாக இருந்தது. தினமும் அங்கேயே போட்டேன். போகப் போக அங்கே வலியே தெரியவில்லை, அதனால் இன்னும் வசதியாகப் போயிற்று. வெறும் வயிற்றுச் சுகர் ஒருநாள் 110, மறுநாள் 240. சாப்பாட்டில்தான் ஏதோ தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன், அளவைக் குறைத்தேன், பசியோடு படுத்தேன். டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக 34 யூனிட் வரை ஏறியது. எண்கள் மட்டும் ஒழுங்குக்கு வரவேயில்லை.

ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த செவிலியர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “இங்க கெட்டியா மேடு தட்டியிருக்கேம்மா, எப்பவும் இதே இடத்துலதான் போடுறீங்களா?” என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் அதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டாம். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அதற்குள் போகும் மருந்து ஒருநாள் தேங்கும், ஒருநாள் சட்டென்று ரத்தத்தில் கலக்கும். அந்த 110-க்கும் 240-க்கும் காரணம் என் சாப்பாடு மட்டும் இல்லை என்று தெரிந்தபோது நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது.

இடத்தை மாற்றச் சொன்னார்கள். கூடவே டோஸையும் குறைக்கச் சொன்னார் மருத்துவர். இது மிக முக்கியம். கட்டிக்குள் போட்டுப் பழகிய அதே 34 யூனிட்டை நல்ல தோலில் போட்டால் சுகர் பாதாளத்துக்குப் போய்விடும். 28 ஆகக் குறைத்தும் மூன்றாம் நாள் நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி எழுந்தேன். கை நடுங்கியது, மீட்டரில் ஸ்ட்ரிப்பைச் செருக முடியவில்லை. என்னவென்று கேட்ட கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர்தான் விரலில் குத்திப் பார்த்தார்: 58.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் உயிர் போவதுபோல் இருக்கும் நேரத்தில் அந்தப் பதினைந்து நிமிடம் யாரால் காத்திருக்க முடியும்? கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். காலையில் 290. இப்போது 15 கிராம் வீதம் குளுக்கோஸ் தூளை அளந்து சிறு பொட்டலங்களாகத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பேன். அளந்து வைத்தது கையில் இருந்தால் பதற்றம் பாதியாகிறது.

அதன்பின் வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு பாகம், அதற்குள்ளும் முந்தைய நாள் போட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி. குளிக்கும்போது விரலால் தடவிப் பார்ப்பேன். பழைய மேடு கரையப் பல மாதங்கள் பிடித்தன. இன்சுலின் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் இன்றே ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் நீங்களாக எதையும் மாற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேனாவைப் பற்றி எனக்குக் குறை அதிகம் இல்லை. யூனிட் திருப்பும்போது கேட்கும் ‘டிக்’ சத்தம் பார்வை மங்கியவர்களுக்குக்கூட ஓரளவு துணை. ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் விட்டு, நுனியில் துளி வருகிறதா என்று பார்த்தபிறகே போட வேண்டும். பட்டனை அழுத்தியதும் பத்து எண்ணாமல் எடுத்தால் தோலில் ஈரம் தெரியும், அது உள்ளே போகாத மருந்து. ஆரம்பத்தில் இதை நான் செய்யவே இல்லை.

நான்காம் ஆண்டில் சாப்பாட்டுக்கு முன் போடும் வேக வகையும் சேர்ந்தது. இரண்டு பேனாவும் ஒரே உருவம். ஓர் இரவு தூக்கக் கலக்கத்தில் வேக வகைப் பேனாவில் 28 யூனிட் வைத்துவிட்டேன். குத்தப் போகும்போதுதான் நிறம் கண்ணில் பட்டது. இப்போதும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அன்றே அதற்கு ரப்பர் பேண்டு சுற்றினேன், இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்தேன். தட்டு முன்னால் வரும் நேரம் உறுதியாகத் தெரியாமல் வேக வகையைப் போடுவதும் இல்லை. போட்டதும் நோட்டில் குறித்துவிடுவேன். போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அந்த வேளைக்கு இன்னொரு முறை போடாமல் சுகரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

காய்ச்சல் சமாசாரமும் ஒன்று. சாப்பிடவில்லையே என்று இரவு இன்சுலினை நானாகவே இரண்டு நாள் நிறுத்தினேன். 380-க்குப் போய்விட்டது. உடம்பு சரியில்லாதபோது சாப்பிடாவிட்டாலும் சுகர் ஏறும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் காய்ச்சல் வந்தால் நிறுத்துவதில்லை, போன் செய்து கேட்டுவிடுகிறேன்.

திறக்காத மருந்து குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையவே கூடாது. திறந்ததில் தேதி எழுதி ஒட்டுகிறேன். நான் போடும் வகைக்கு 28 நாள்தான் கணக்கு.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை, சுத்திகரித்த மருந்தைச் சில நாள் கழித்துப் போட்டபோதுதான் அவன் தேறினான். அதற்கு முன் அவனைப் போன்ற குழந்தைகளுக்குப் பட்டினிதான் சிகிச்சை. இதைப் படித்த பிறகு ‘ஊசி வரைக்கும் வந்துவிட்டது’ என்று நான் சொல்வதில்லை.

போன மாதச் சோதனையில் மூன்று மாதச் சராசரி 7.1. டோஸ் இன்று இரவுக்கு 24 யூனிட். அதிகாலையில் மட்டும் காரணம் தெரியாமல் சுகர் 40, 50 ஏறுகிறது. அதற்காக ஒரு வாரமாக மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சோதித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நோட்டோடு வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.