தரவரிசை உண்மை, கல்லூரி வேறு

என் மகளுக்கு இந்தியாவில் நல்லதொரு பாமசிக் கல்லூரியைத் தெரிவு செய்து தருவதாகச் சொன்ன கல்வி முகவர் ஒருவரிடம் கடந்த ஆண்டு 385,000 ரூபாயை இழந்தேன். எங்களுக்குத் தந்த அதே கல்லூரி ஒப்பீட்டு அட்டவணையுடன் அவர் இப்போது பண்டாரவளையில் கருத்தரங்கு நடத்தவிருப்பதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தேறிய மகள், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ நான்காண்டுப் பாமசிப் பட்டத்தைப் படிப்பதற்கான வெட்டுப்புள்ளியைச் சிறிய வித்தியாசத்தில் தவறவிட்டாள். அந்த வேளையில்தான் ஹட்டனில் மண்டபமொன்றில் அம்முகவர் நடத்திய கூட்டத்துக்குப் போனோம். மூன்று கல்லூரிகளை ஒப்பிட்டு அச்சிட்ட தாளொன்றைக் கையில் தந்தார்கள். பெயர், தரவரிசை, விடுதி, கட்டணம் என நான்கு நிரல்கள் இருந்தன. தரவரிசை, இந்திய அரசு 2016 முதல் வெளியிட்டு வரும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்றார்கள்; அது பொய்யும் இல்லை. முதல் இருபதுக்குள் இருந்த கல்லூரிக்கு மற்ற இரண்டையும்விடக் கட்டணம் குறைவாக இருந்ததைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம்தான் வந்தது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் மனைவிக்குக் கிடைத்த சேமலாப நிதியிலிருந்து பணத்தைக் கட்டினோம்.

ஆறு வாரங்களில் அனுமதிக் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, பெருமைக்காக அதைப் பாமசியிலிருந்த மருந்தாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணே, இது டிப்ளோமா. ரெண்டு வருஷப் படிப்பு. பட்டம் இல்ல" என்றார். பிறகு தம் கைப்பேசியில் அந்தத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து காட்டினார். அதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் அடையாள எண்ணும் நகரமும் மாநிலமும் தரப்பட்டிருக்கின்றன. ஒரே அறக்கட்டளை ஒரே பெயரில் பல நகரங்களில் கல்லூரிகளை நடத்துகிறது. தரவரிசையில் இருப்பது அவற்றுள் ஒன்று, மகளுக்கு இடம் கிடைத்திருப்பதோ வேறொன்றில். வீட்டுக்கு வந்து முகவர் தந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கல்லூரிப் பெயருக்கும் தரவரிசைக்கும் நடுவே மெல்லிய கோடொன்று பாதியில் அறுந்து நின்றது. நகரத்தின் நிரலை மறைத்துவிட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

இந்தியப் பாமசிக் கவுன்சிலின் அங்கீகாரம் ஒவ்வொரு கல்லூரிக்கும், அதிலுள்ள ஒவ்வொரு படிப்புக்கும், இத்தனை மாணவர் என்ற எண்ணிக்கையோடு தனித்தனியாக வழங்கப்படுவது என்பதையும் அந்த மருந்தாளர்தான் சொன்னார். எங்கள் கடிதத்திலிருந்த கல்லூரிக்கு டிப்ளோமாவுக்கு மட்டுமே அங்கீகாரம் இருந்தது. கல்லாவுக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருந்த தம் பதிவுச் சான்றிதழைக் காட்டி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர் இங்கே மருந்தாளராகத் தொழில் செய்ய முடியாது என்றார். பாமசிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அங்கும் பதிவு பெற்ற மருந்தாளர் பொறுப்பில் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பார்களாம். படித்துத் திரும்பும் பிள்ளைக்கு இந்தப் பதிவு கிடைக்குமா என்பதற்கு முகவரின் அட்டவணையில் ஒரு நிரலும் இல்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

உண்மையான தரவரிசைகூட எனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்காது. அந்தப் பட்டியல் கற்பித்தல், ஆய்வு, பட்டதாரிகளின் நிலை, எல்லாத் தரப்பினருக்கும் இடமளித்தல், பொது மதிப்பு என ஐந்து அளவுகோல்களைக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வெளியிட்டு மேலே வந்த கல்லூரியில், மாணவர்களை ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை மாதம் நிறுத்திப் பழக்குகிறார்கள் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

முகவரிடம் போய்க் கேட்டபோது, "நிர்வாகம் ஒன்றுதானே, ஐயா" என்று நிதானமாகச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பற்றுச்சீட்டின் பின்புறத்தைக் காட்டினார். பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன் கீழே என் கையொப்பம்.

பண்டாரவளைக்குப் போகிறவர்கள் அந்தத் தாளை வாங்கினால், கல்லூரி எந்த நகரத்தில் இருக்கிறது, எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மருத்துவ சபையிடம் விசாரித்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.