அத்தாவின் நினைவுப் பொருள் என்று சொல்லி விற்ற அகில் தஸ்பீஹ்: 2,850 வெள்ளி போயிற்று

இங்கே சிங்கப்பூரில் ஒருவனிடம் அகில் தஸ்பீஹ், அதாவது மணமுள்ள அகில் கட்டையில் செய்த, இறைவன் பெயரை ஓதி எண்ணும் மணிக்கோவை வாங்கிப் பணம் கைமாறி மூன்று வாரம் ஆகிறது. ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்தது நேற்று முன்தினம். 2,850 வெள்ளி. இரண்டு இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று மனைவி சொன்னாள். ஆறுவதற்குள் அந்த ஆள் இன்னும் எத்தனை பேரிடம் இதே கதையைச் சொல்லி விற்பானோ என்ற நினைப்பில் இப்போதே எழுதுகிறேன்.

நான் அகில் மணிகளுக்குப் புதியவன் அல்லன். அதுதான் அதிகமாக எரிகிறது. என் அத்தா, என் தகப்பனார், மௌத்தானபோது அவர் கையில் இருந்த 33 மணித் தஸ்பீஹ் எனக்கு வந்தது. அரபு ஸ்திரீட்டில் வாங்கியது. வாங்கியபோது வெளிர்பழுப்பாக இருந்ததாம்; இருபது ஆண்டுகள் அவர் விரல்களில் உருண்டு உருண்டு இன்று புளியங்கொட்டை போல் மின்னுகிறது. அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்திருந்தால்தான் மணம் எழும். முதலில் மெல்லிய கசப்பு, பிறகு அடியிலிருந்து ஓர் இனிப்பு. அந்த மணத்துக்காகவே ஒன்பது ஆண்டுகளாகப் பழைய மணிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன். இதுவரை ஏழு கோவைகள்.

நல்ல நிலையில் இருக்கும் அகில் மரத்தில் மணமே கிடையாது. கட்டை வெளுப்பாக, லேசாக இருக்கும். காயம் பட்டு, அதில் பூஞ்சை ஏறினால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. அது கட்டைக்குள் கறுத்து இறுக ஆண்டுக்கணக்கில் ஆகும். பிசின் நிறைந்த கட்டைதான் தண்ணீரில் மூழ்கும், அதனால்தான் அதற்கு மதிப்பு. அந்தக் கறுப்புக்காகக் காடு காடாக வெட்டித் தீர்த்ததால், மலாக்கா அகில் வகை 1995லிருந்தும், 2004 மாநாட்டு முடிவுக்குப் பிறகு எல்லா அகில் வகைகளும் சைட்டிஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில், இருக்கின்றன. சைட்டிஸ் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் என்னை வீழ்த்தியதில் பாதி அதை வைத்துத்தான்.

பழைய பொருள்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரத்தைப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இங்கே பாதிப் பேர் கைப்பேசியில் அது இருக்கும். '99 மணி, 8 மில்லிமீட்டர், தண்ணீரில் மூழ்கும் தரம், என் அத்தா 1970களில் வாங்கியது, அவர் நினைவாக வைத்திருந்தோம், குடும்பச் சூழலால் விற்கிறோம்.' விலை 3,200 வெள்ளி. என் மாமாவுக்கு இந்த ஆண்டு எண்பது வயது. தஸ்பீஹ் மணியை மூக்கருகே வைத்துப் பார்க்க எனக்குச் சிறு வயதில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிடோக்கில் ஒரு காப்பிக்கடையில் சந்தித்தோம். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சலாம் சொன்னான். எனக்கும் சேர்த்துப் பாலில்லாத தே ஓ வாங்கி வந்தான். வெள்ளைத் துணிப்பையிலிருந்து தஸ்பீஹை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினான். பையைத் திறந்ததும் மணம் குப்பென்று அடித்தது. உண்மையான பழைய அகில் அப்படி அடிக்காது. அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கேட்டேன். "அத்தா அத்தர் பூசி வைப்பார், அண்ணே, துணியில் ஏறிவிட்டது" என்றான். என் அத்தாவும் துணியில் அத்தர் பூசுபவர்தான். நம்பினேன்.

பிறகு அவனே ஒரு கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்கி, தஸ்பீஹை மெதுவாக இறக்கினான். 99 மணியும் அடியில் போய் அமர்ந்தன. குமிழ்கூட எழவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் "நல்ல சாமான்" என்றார். அவரும் அவனுடைய ஆளோ என்று இப்போது தோன்றுகிறது; உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் பிறகு உறையிட்ட தாள் ஒன்றைக் காட்டினான். சைட்டிஸ் அனுமதிச்சீட்டின் நகல். முத்திரை, எண், எல்லாம் இருந்தன. அதைப் பார்த்ததும் என் மனத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் அடங்கிவிட்டது.

பேரம் பேசினேன். 2,850 வெள்ளிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று கண் கலங்கச் சொன்னான். செயலி வழியாகப் பணம் செலுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள், கைப்பேசி எண்ணுக்கு வங்கியிலிருந்து நேரே பணம் போகும் பேநவ் வழியாக அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். எழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதில் ஓதும்போது என் அத்தாவுக்காகவும் துஆ செய்யுங்கள், அண்ணே" என்றான்.

செய்தேன். மூன்று வாரமும் செய்தேன். அந்த அத்தா என்று ஒருவர் இருந்தாரா என்றே இப்போது தெரியவில்லை. பணத்தைவிட இதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

நேற்று முன்தினம் மாமா வீட்டுக்குப் போனேன். கையில் வாங்கினார். ஐந்தாறு மணிகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், மறுபடி தேய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார். குட்டையில் மை சிந்தியது போல் கறுப்பு. "எவ்வளவு கொடுத்தாய், மருமகனே?" என்று மட்டும் கேட்டார். ஐந்நூறு என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பாக்குவெட்டியில் ஒரு மணியை வைத்து அழுத்தினேன். மரம் பிளந்தால் நரம்போடு பிளக்கும், இழை தெரியும். இது மண்ணாங்கட்டி போல் பொடிந்தது. உள்ளே ஒரே கறுப்பு, ஒரு கோடு இல்லை. மேலே அழகாக ஓடிய பிசின் கோடுகளில் ஒன்றுகூட உள்ளே தொடரவில்லை. மரத்தூளைப் பிசினில் குழைத்து, அச்சில் அழுத்தி, மேலே கோடு இட்டிருக்கிறார்கள். மீதி 98 மணியையும் சமையலறைத் தராசில் வைத்தேன்: 38 கிராம். 8 மில்லிமீட்டர் மணி 99 சேர்ந்தால் கன அளவு இருபத்தாறரை மில்லிலிட்டர்தான் வரும். மூழ்கும் தரத்து உண்மை அகில் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. முப்பது கிராமை ஒட்டி நின்றிருக்க வேண்டும். மூழ்குகிறதா என்று பார்த்த நான் எடை போட்டுப் பார்க்கவில்லை. ஈயத்தூள் கலந்தாலும் மூழ்கும். கல்லும் மூழ்கும்.

அன்று இரவே அவனுக்கு எழுதினேன். முதல் பதில்: "வியர்வை பட்டால் பழைய மணி அப்படித்தான் நிறம் விடும்." படம் அனுப்பினேன். இரண்டாவது பதில்: "நீங்கள் மணியை மாற்றிவிட்டுப் பேசுகிறீர்களோ?" மூன்றாவது: "பார்த்துத்தானே வாங்கினீர்கள், தண்ணீரில் போட்டும் காட்டினேனே." அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டான். 2,850 வெள்ளிக்கு மூன்று வரி.

செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நான்கு நிமிடத்தில் இயந்திரம் பதில் சொன்னது: பணம் செயலிக்கு வெளியே செலுத்தப்பட்டதால் பாதுகாப்புத் திட்டத்தில் வராது. மனிதர் யாராவது படியுங்கள் என்று மறுபடி எழுதினேன். மறுநாள் அதே வாசகம், கீழே ஒரு பெண் பெயரோடு. மூன்றாவது முறை, "உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்டார்கள்.

பயனீட்டாளர் சங்கம் கைகொடுக்கும் என்று நினைத்தேன். தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்கு விற்றது நியாய வணிகச் சட்டத்தில் அடங்காது, அது கடைக்காரர்களுக்குத்தான். குடும்பப் பொருள் என்று அவன் கதை கட்டியதன் இலாபம் இதில்தான் இருக்கிறது போலும். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் உறுதியாக இருப்பது ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதியதே வாங்குபவர்களுக்கு நாலு யோசனை சொல்லத்தான். மனம் ஓடவில்லை, தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பையைத் திறந்ததும் மணம் அடித்தால் வாங்காதீர்கள். வெள்ளைத் துணியில் ஈரம் தொட்டு ஒரு மணியைத் தேயுங்கள். நூல் போகும் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் கோடு துளைக்குள்ளும் இறங்க வேண்டும். தராசு கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள். சைட்டிஸ் சீட்டு என்பது எல்லை தாண்ட அனுமதி மட்டுமே. தரத்தையும் வயதையும் அது சொல்லாது. சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு இரண்டு கோவை வரை அந்தச் சீட்டே இல்லாமல் கொண்டு வரலாம் என்று சைட்டிஸ் விதியிலேயே விலக்கு இருக்கிறது. அப்படியிருக்க, வீட்டில் ஐம்பது ஆண்டுகளாகக் கிடந்த ஒற்றைத் தஸ்பீஹுக்கு எதற்கு அந்தச் சீட்டு? நான் கேட்காத கேள்வி இது. செயலிக்கு வெளியே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று இரவு தம்பி மகன் அவனுடைய கைப்பேசியில் தேடிக் கொடுத்தான். வேறு பெயர், வேறு முகப்புப்படம். ஆனால் அதே வெள்ளைத் துணிப்பை, அதே மேசை விரிப்பு. 'என் அத்தா 1970களில் வாங்கியது.' இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்த விளம்பரம் அப்படியே இருக்கிறது. விலை 3,200 வெள்ளி. ஏழு பேர் விருப்பக் குறி போட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பிடோக்குக்குப் போகாதீர்கள்.