சீக் ஆப்: மூன்று மாதம், ஒரு எருக்கஞ்செடி

பிள்ளை கையில் போன் கொடுக்காதே என்று சொல்கிற கட்சியில்தான் நானும் இருந்தேன், இப்போதும் பாதி அங்கேதான். அதனால் எட்டு வயது மகளை வெளியே இழுத்துக்கொண்டு போவதற்கு ஒரு ஆப் இறக்கியிருக்கிறேன் என்றதும் என் தங்கை போனிலேயே சிரித்தாள். சிரிக்கட்டும். மூன்று மாதம் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆப் பெயர் சீக் (Seek), கேமராவில் காட்டுகிற செடி, பூச்சிக்கெல்லாம் பெயர் சொல்வது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற அமைப்பினுடையது. அந்த அமைப்பு 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் படிப்புக்காகச் செய்த ப்ராஜெக்டாகத் தொடங்கியது, 2023 முதல் லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. காசு கிடையாது. கணக்கு திறக்க வேண்டாம், பிள்ளை எடுக்கிற படம் அதுபாட்டுக்கு எங்கேயும் போய் ஏறாது. எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

கேமராவைச் செடி மேலோ பூச்சி மேலோ பிடித்தால் திரையின் மேல் பக்கம் ஏழு புள்ளிகள் தெரியும். செடியா விலங்கா என்பது முதல் புள்ளி, அப்புறம் வகுப்பு, வரிசை, குடும்பம் என்று ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டே போய் ஏழாவதில் இன்ன இனம் என்று பெயர் வரும். கை ஆடினால் புள்ளி குறையும், இலையை விட்டுப் பூவைக் காட்டினால் கூடும், சந்தேகமாக இருந்தால் குடும்பத்தோடு நின்றுவிடும், சும்மா ஒரு பெயரை அடித்துவிடாது. வீட்டில் ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை, ஒரு பூச்சிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு "ஆறு வந்துருச்சும்மா, செடிய ஆட்டாத!" என்று என்னை அதட்டியபோது, சரி, இது ஆகும் என்று தோன்றியது. அடையாளம் காணும் வேலை போனுக்குள்ளேயே நடப்பதால் கண்மாய்க்கரையில் சிக்னல் போனாலும் கவலை இல்லை.

பறவைக்கு இதை நம்பிப் போகாதீர்கள். சாமநத்தம் கண்மாயில் கூழைக்கடா எங்கேயோ நடுவில் மிதக்க, போன் கேமராவில் அது ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டைப் பார்த்து எந்த ஆப்தான் என்ன சொல்லும்? பறவைக்கு கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்ற ஆப் இருக்கிறது, அதுவும் இலவசம், சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும். நம் ஊர்ப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

என் போன் ஆங்கிலத்தில் இருப்பதால் பெயரும் ஆங்கிலத்திலோ லத்தீனிலோதான் வருகிறது. ஒரு நாள் கொல்லையில் ஏழு புள்ளியும் நிறைந்த சந்தோஷத்தில் இவள் ஓடிப்போய், "அப்பத்தா, இது அகாலிஃபா இண்டிகா!" என்றாள். "யாருடி அவ?" என்று வந்து பார்த்த என் அத்தை, "அடி இவளே, குப்பைமேனிக்கா இந்தப் பாடு" என்று செடியை வேரோடு பிடுங்கித் திண்ணையில் போட்டார். பத்து நிமிஷத்தில் தெருப்பூனை ஒன்று வந்து அந்த வேரை மோந்து, முகத்தை அதிலேயே தேய்த்து, கடைசியில் மல்லாந்து படுத்துப் புரண்டது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும், ஏன் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இனி என் குறை. இந்த ஆப்பில் புது இனம் பார்த்தால்தான் கணக்கு ஏறும், எண்ணிக்கை கூடக் கூடப் பேட்ஜ் வரும். பார்த்ததையே மறுபடி பார்த்தால் ஒன்றும் கிடையாது. இது பிள்ளையை எப்படி மாற்றும் என்று இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது: கிடைத்ததும் ஒரு கிளிக், அடுத்த செடிக்கு ஓட்டம், பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி.

அதை நிறுத்தியது தெருமுனையில் இருந்த எருக்கஞ்செடி. அதில் ஒரு புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை, உடம்பில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு மாதிரி. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. ஆப்பைப் பொறுத்தவரை முதல் நாளே அந்தக் கதை முடிந்துவிட்டது. நான்தான் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுப்போம் என்றேன், ஆப்பில் இல்லை, சும்மா கேமராவில். நாளுக்கு நாள் புழு தடித்தது, இலைகள் சல்லடையாயின, பிறகு ஒரு நாள் புழுவைக் காணோம். அழுகை. தேடினால் ஓர் இலைக்கு அடியில் பச்சையாகக் கூடு தொங்குகிறது. ஒரு வாரம் கழித்து அந்தக் கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சு நிறச் சிறகு மங்கலாகத் தெரிந்தது. மறுநாள் காலை வேனுக்கு ஓடிய அவசரத்தில் பார்க்கவில்லை, சாயங்காலம் போனால் வெறும் தோல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டோக்களை வரிசையாக விரலால் தள்ளித் தள்ளி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். பேட்ஜை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

இடையில் ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் வாங்கினேன், பிராண்ட் வேண்டாம். அட்டைப்பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தது, எறும்பு கறுப்பு மேகமாகத் தெரிந்தது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற சாதாரணக் கைலென்ஸ் வாங்கியிருக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. போன் என் பையில். இலை ஓரம் வழவழப்பா பல் பல்லாகவா, பூச்சிக்கு எத்தனை கால், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவள் முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கேமரா. மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் திரையில் உங்கள் முகம் மட்டும்தான் தெரியும், அதனால் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். ஆப் சொல்லிவிட்டது என்று காயையோ காளானையோ வாயில் வைக்க விடாதீர்கள். எருக்கு இலையைக் கிள்ளினால் பால் வடியும், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண்ணுக்கே ஆபத்து. நாங்கள் ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டு சோப்பும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மீதி ஒன்றை, பத்தாவது முறை அதே எருக்கஞ்செடியைப் பார்க்கிற பிள்ளைக்கும் ஒரு பேட்ஜ் வைத்தால் தந்துவிடலாம்.